யாழினியிடம் கேட்டாச்சு

மதினி,

நேற்று யாழினியைப் பள்ளியிலிருந்து கடற்கரைக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். இன்று காலை அவள் பாவாடையை அலசியபோது வாளியின் அடியில் ஒரு பிடி மணல் தங்கியிருந்தது. அதை அள்ளிக்கொண்டு குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உப்பு வாடை அடித்தது. நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. வாளி மணலைப் பார்த்து நான் அழுதேன் என்று யாராவது சொன்னால் நம்பியிருக்க மாட்டீர்கள். எனக்குக் கோபம் மட்டும்தான் வரும் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்தவர் நீங்கள்.

அந்தக் கோபமும் மணலால்தான் வந்தது. யாழினிக்கு அப்போது நாலு வயது. பிறக்கும்போதே மூளைக்குக் காற்று போகாமல் போனதால் நடையும் இல்லை, பேச்சும் இல்லை. நயினார்கோவில் சந்தையில் யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள், கடற்கரையில் குழி தோண்டி, பிள்ளையை இடுப்பு வரை மணலில் புதைத்து, சூரியனைப் பார்க்க நிறுத்தினால் பதினோரு வெள்ளிக்கிழமையில் கால் ஊன்றிவிடும் என்று. என்னிடம் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெள்ளிதோறும் இரண்டு பஸ் மாறித் தொண்டிக் கடற்கரைக்குப் போனீர்கள். திரும்பும்போது மறக்காமல் அவள் நெற்றியில் திருநீறு பூசிக் கூட்டி வருவீர்கள். பெற்றவள் நான் மிளகாய்க் காட்டில் நின்றுகொண்டு, புண்ணியவதி என்று உங்களை நினைத்துக்கொள்வேன்.

குளிப்பாட்டும்போது அவள் தொடை இடுக்கில் மணலையும் சிவந்து உரிந்த தோலையும் பார்த்துவிட்டுத்தான் கேட்டேன். நீங்கள் கொஞ்சமும் அசரவில்லை. பத்து வெள்ளி முடிந்துவிட்டது, இன்னும் ஒன்றுதான் பாக்கி என்றீர்கள். ஆறு நாள் உங்களோடு பேசவில்லை. ஏழாம் நாள், வெள்ளிக்கிழமை, உங்களுக்கு முன்னால் நான் பஸ் ஏறி உட்கார்ந்திருந்தேன். இதை இன்றுவரை என் வீட்டுக்காரரிடம், உங்கள் தம்பியிடம்கூடச் சொன்னதில்லை. அந்தப் பதினோராவது குழியைத் தோண்டியது நான்தான்.

அவள் அழுதாள். நீங்கள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் மணலைத் தள்ளி இறுக்கினோம். அவள் நின்றாள். அவள் இவ்வளவு உயரம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது, இடுப்புக்குக் கீழே மண்ணுக்குள் இருந்தும். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மணலை விலக்கியதும் துணி மாதிரி என் மடியில் சரிந்தாள்.

அதற்குப் பிறகு ராமநாதபுரத்தில் கை கால் பயிற்சி கொடுக்கிற அந்தச் சின்னப் பெண்ணிடம் போனோம். மணலில் புதைத்ததைச் சொன்னால் திட்டப்போகிறாள் என்று நான் பயந்தேன். நீங்கள் சண்டைக்குத் தயாராக முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். அவள் திட்டவில்லை. யாழினியின் இடுப்பை மெல்ல அசைத்துப் பார்த்துவிட்டு, மூட்டு நழுவிவிடும், இனி புதைக்க வேண்டாம் என்றாள். மணல் நல்லதுதான், அதன்மேல் உட்கார வையுங்கள், அவளே புரளட்டும், அளையட்டும் என்றாள். கடைசியில் ஒன்று சொன்னாள்: தூக்குவதற்கு முன்னால் அவளிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வருகிற வரைக்கும் பொறுத்திருங்கள்.

பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தீர்கள். "பேசாத பிள்ளைட்ட என்னத்தக் கேக்குறது? படிச்ச புள்ள, நல்லாத்தான் சொல்லுது."

அந்தப் பெண் சொன்னது தப்பு என்று காட்டுவதற்காகவே ஒருநாள் சாயங்காலம் கேட்டீர்கள். வாசலுக்குப் போவமா, இங்கனயே இருப்பமா என்று. எதுவும் நடக்கவில்லை. பார்த்தியா என்கிற மாதிரி என்னைப் பார்த்தீர்கள். அடுப்பில் பால் பொங்கி, நான் இறக்கி வைத்துவிட்டு வந்த பிறகு, அவள் வலது கை நடுங்கிக்கொண்டே எழும்பி வாசல் பக்கம் நீண்டது. உங்கள் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. இரண்டு வாரத்தில் அவளுடைய பாஷை நமக்குப் பிடிபட்டது. வேண்டும் என்றால் கை எழும்பும். வேண்டாம் என்றால் உள்ளங்கை தரையில் படியும்.

அதோடு வீட்டில் உங்கள் ராஜ்ஜியம் தொடங்கிவிட்டது. அதுவரை கேட்காமலே தூக்கி, கேட்காமலே ஊட்டி, கேட்காமலே படுக்க வைத்தவர் நீங்கள். இப்போது உங்கள் தம்பி வயலில் இருந்து வந்து ஆசையாக மகளைத் தூக்கினால், "ஏலே, கேட்டியா அவட்ட? அரிசி மூட்டையா அது?" என்று அதட்டுவீர்கள். அவர் இறக்கி வைத்துவிட்டு, கேட்டு, பதிலுக்குக் காத்துக்கொண்டிருப்பார், மூக்கில் வியர்வை வழிய. ஒருநாள் ஜன்னலோரமா, இந்தப் பக்கமா என்று அவளிடம் கேட்டுவிட்டு பஸ்ஸையே நிறுத்தி வைத்தீர்கள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி நின்றார்.

மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், நான் எதுவும் கேட்காமலே சொன்னீர்கள்: "அந்தப் பதினோரு வெள்ளியும் அழுதாள்ல, ஆத்தா. அது அழுகையில்ல. வேணாம்னு சொல்லிருக்கா. நமக்குத்தான் கேக்கல." நீங்கள் 'நமக்கு' என்று சொன்னது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அவள் இன்றுவரை நடக்கவில்லை. பதினாலு வயதாகிறது, சக்கர நாற்காலிதான். எப்போது நடப்பாள் என்று கேட்பதை நீங்கள் எப்போது விட்டீர்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன், நினைவுக்கு வரவில்லை.

நீங்கள் போன அன்று நடந்ததை உங்களுக்குச் சொல்லத்தான் இந்த மடல். நீர்மாலைக்குத் தண்ணீர் எடுத்து வந்து, குளிப்பாட்டி, வாசலில் பந்தலுக்குள் உங்களைக் கிடத்தியிருந்தோம். எல்லாரும் வாய்க்கரிசி போட்டு முடித்தார்கள். பெரிய மாமா என்னைக் கூப்பிட்டு, பிள்ளை இல்லாதவள், இதைத்தானே பிள்ளையாக வளர்த்தாள், யாழினியைத் தூக்கி வந்து அவள் கையால் போட வையுங்கள் என்றார். எனக்கும் அதே ஆசைதான். வேறு யார் கையால் உங்களுக்கு வேண்டியிருக்கும்?

உள்ளே அவள் பாயில் உட்கார்ந்திருந்தாள். குனிந்து, "அத்தைக்கு அரிசி போட வாரியாம்மா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு நின்றேன். வெளியே கொட்டு அடித்துக்கொண்டிருந்தது. யாரோ நிறுத்தச் சொன்னார்கள். வாசல் முழுக்க ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவள் உள்ளங்கை மெல்ல இறங்கித் தரையில் படிந்தது.

தப்பாகப் பார்த்தேனோ என்று இன்னொரு தடவை கேட்டேன். கை எழும்பவில்லை, இன்னும் அழுத்தியது. அதற்கென்ன தெரியும், சும்மா தூக்கிட்டு வா என்றார்கள். பொழுது சாய்கிறது என்றார்கள். என் இரண்டு கையும் அவள் கக்கத்துக்குப் பக்கத்தில் போய்விட்டது, மதினி. தூக்கியிருந்தால் ஒரு நிமிட வேலை. உங்களுக்கு அது கிடைத்திருக்கும்.

உங்கள் தம்பிதான் வாசல்படியில் வந்து நின்றார்.

"யாழினிட்ட கேட்டாச்சு. வேணாங்குறா. அக்காவத் தூக்குங்க."

அந்த அரிசி இல்லாமல்தான் உங்களை அனுப்பினோம். சொந்தக்காரர்கள் இன்னமும் ஏசுகிறார்கள். நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. என் இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் அவளைத் தூக்கியிருக்க மாட்டீர்கள், தூக்க வந்தவர்களையும் விட்டிருக்க மாட்டீர்கள்.

பள்ளி வேன் வருகிற நேரம். போவமா என்று கேட்டிருக்கிறேன். அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. நான் நின்றுகொண்டிருக்கிறேன்.