மேலோடையின் கருப்பு ஈக்கள்

ஜூன் 3

மைக்ராஸ்கோப் விளக்கு மறுபடி போயிற்று. அரை நாள் வீண்.

மத்தியானம் சின்னு ஆற்றிலிருந்து திரும்பினாள். முழங்கை வரை கடி. "உன் ஈயெல்லாம் என்னைத் தின்னுதான் வளருது, ஆராய்ச்சி!" கூடப்பிறந்த அக்காவுக்கு அவள் வைத்த பெயர் அது.

ஒரே ஆய்வகத்தில் இரண்டு பேருக்கும் வேலை. சிமுலியம் என்கிற கருப்பு ஈ. கடுகளவு உடம்பு, கூன் முதுகு. கொசு மாதிரி குத்தி உறிஞ்சாது. தோலை அறுத்து, ஊறும் ரத்தத்தை நக்கும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள், பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். ஓடும் தண்ணீரில் இறங்கி அவள் எடுத்து வருவாள். எது எந்த இனம் என்று நான் பிரிப்பேன்.

அம்மா இன்றும் ஆரம்பித்துவிட்டாள். "அவங்கவங்க பிள்ளைங்க என்னென்னவோ வேலை பாக்குது. நான் பெத்த ரெண்டும் ஈ ஓட்டுது."

ஜூன் 9

சின்னு இன்னும் வரவில்லை. பெரிய ஆற்றுக்குப் போவதாகச் சொன்னாள். ஆய்வக டிரைவர் அண்ணன் பாலத்தருகே வண்டியை நிறுத்திப் பொழுது சாயும் வரை காத்திருந்துவிட்டு, போலீசுக்குப் போயிருக்கிறார்.

எங்கேயாவது சிக்னல் இல்லாத இடத்தில் இருப்பாள். இருப்பாள்.

ஜூன் 10

பாலத்துத் தூணில் அவள் பை சிக்கியிருந்தது. பெரிய ஆற்றில், பாலத்துக்குக் கீழே படகு விட்டுத் தேடுகிறார்கள்.

அம்மா டிரைவர் அண்ணனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "கத்தியிருப்பாளே! என் பொண்ணு கூப்பிட்டிருப்பாளே! தூங்கிட்டியா நீ?"

"தூங்கலைம்மா. சத்தியமா ஒண்ணும் கேக்கலை."

அம்மா விடவில்லை. நானும் விலக்கிவிடவில்லை.

ஜூன் 11

பையை என்னிடம் கொடுத்தார்கள். உள்ளே தண்ணீர் போகவில்லை. மூடிய குப்பிகள், ஈரத்தாள், தாளில் அவள் பாறையிலிருந்து பெயர்த்து வைத்த கூட்டுப்புழுக்கள். எங்கே எடுத்தது என்ற சீட்டு இல்லை. வண்டிக்கு வந்த பிறகுதான் எழுதுவாள்.

புழுக்கள் உயிரோடு இருக்கின்றன.

குப்பியை மேசையில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். திறக்கக் கை வரவில்லை.

ஜூன் 12

காலையில் ஒன்று ஈயாகிவிட்டது. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு முன்னங்காலைத் தேய்த்தபடி நிற்கிறது. அவள் வரவில்லை, இது வந்துவிட்டது.

முதுகுக்குப் பின்னால் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அவள்தான் கை கழுவுகிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். தொட்டி காய்ந்து கிடந்தது.

ஈ விட்டுப்போன கூட்டை லென்ஸுக்கு அடியில் வைத்தேன். தண்ணீருக்குள் மூச்சு விடத் தலைப்பக்கம் இழைகள் இருக்கும். பெரிய ஆற்று இனத்துக்கு நான்கே நான்கு. இதற்கு? புதர் மாதிரி அடர்த்தியாக. இன்னொரு குப்பியிலும் அதேதான். இந்த இனம் இந்தப் பக்கத்தில் கிடைத்தது ஒரே இடத்தில் — மேலோடையில், தண்ணீர் பாறையில் விழுந்து வெள்ளையாகச் சிதறும் இடத்தில். அந்த ஓடை பாலத்துக்குச் சற்று மேலேதான் ஆற்றில் சேர்கிறது.

அவள் பெரிய ஆற்றுக்கே போகவில்லை.

இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டேன். "ஈயை வச்சா சொல்றீங்க?"

"ஆமா சார். மேலோடைக்கு ஆள் அனுப்புங்க. தயவுசெஞ்சு."

ஏன் மனசு மாறினாயடி?

ஜூன் 13

கிடைத்துவிட்டாள். மேலோடையில், இரண்டு பாறைகளுக்கு நடுவில்.

ஜூன் 19

மீதி ஈக்களும் வெளிவந்துவிட்டன. இறக்கை கெட்டியானதும் கொன்று ஊசியில் குத்த வேண்டும். எத்தனை ஆயிரம் குத்தியிருப்பேன். இன்று முடியவில்லை. அவள் விரல் பட்ட கடைசிப் பொருள்கள். ஜன்னலைத் திறந்து விட்டுவிட்டேன். ஒன்று மட்டும் வெகுநேரம் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தது.

ஜூலை 8

எங்கே தண்ணீர் ஓடினாலும் அவள் குரல் கேட்கிறது. "அக்கா" என்று. ஒருநாளும் அப்படிக் கூப்பிடாதவள். பயத்தில் கூப்பிட்டிருப்பாளோ?

அம்மாவும் அதையேதான் கேட்கிறாள். சுவரைப் பார்த்து.

ஜூலை 22

டிரைவர் அண்ணனின் மனைவி வந்திருந்தாள். அவர் வேலைக்குப் போவதில்லையாம். "கேக்கலையா, கேக்கலையான்னு தனக்குத்தானே கேட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. நான் பேசுனாக்கூட காதுல விழல." அம்மா உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை.

ஆகஸ்ட் 5

நானே அவர் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றார். பிறகு சாவியை எடுத்துக்கொண்டார்.

பாலத்தருகே அன்று நின்ற அதே இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். "இங்கயே நில்லுங்கண்ணே. நான் மேலோடைக்குப் போய்க் கத்துறேன். கேக்குதான்னு சொல்லுங்க."

அந்தப் பாறைகளிடம் போனேன். என்ன சொல்லிக் கத்துவது என்று யோசிக்கவே இல்லை. "சின்னூ!" வாயை விட்டு வெளியே வந்ததும் தண்ணீர் விழுங்கிவிட்டது, என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னும் கத்தினேன். தொண்டை கம்மும் வரை. பதிலுக்குக் காத்திருந்தேன் என்பதை இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

இறங்கி வந்தேன். அவர் ஓடைப்பக்கம் முகத்தை வைத்து, காதுகளுக்குப் பின்னால் கைகளைக் குவித்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றிருந்தார். என் காலடி கேட்டுத் திரும்பினார்.

"எப்பம்மா கூப்பிடுவீங்க?"

"கூப்பிட்டுட்டேன்ணே."

அப்படியே சக்கரத்தோரம் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து, வாயிலிருந்து காற்று மட்டும் வருகிற குரலில் அம்மாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். "அப்போ அவ கூப்பிட்டாலும்..." என்று தொடங்கி நிறுத்தினாள். பிறகு, "அந்தப் பிள்ளை எங்கே?"

"வெளியே. வண்டியில."

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வாசலுக்குப் போனாள். வண்டிக் கண்ணாடியைத் தட்டினாள்.

"உள்ள வாப்பா. சாப்பிட்டுப் போ."