முகமூடியின் ஈரம்

அன்புள்ள அம்மா,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நாங்கள் இருவரும் நலம்.

வீடியோவில் அப்பாவின் கன்னத்தில் பார்த்தீர்களே, அது தலையணைத் தடம் இல்லை. தூக்கத்தில் மூச்சு நின்றுவிடுவதால் மருத்துவர் கொடுத்த மெஷினின் முகமூடித் தடம். பயப்படாதீர்கள். போட்டதுமே காற்று முகத்தில் வேகமாக அடிக்கிறதென்று அப்பா கழற்றிவிடுவார். நான் கையேட்டை முழுவதும் படித்து, காற்று மெல்ல மெல்லக் கூடும்படி மாற்றினேன்.

"நல்லா இருக்கு டாக்டரம்மா. உங்கம்மா முழங்கையால இடிச்சு எழுப்புவாளே, அதுக்குப் பட்டன் எங்க?" என்று சிரித்தார்.

காலையில் முகமூடியின் மேல்விளிம்பு, கண்ணுக்குக் கீழே படும் இடம், நனைந்திருந்தது. மெஷின் காற்றில் கலக்கும் ஈரம் அதிகமோ என்று அந்த அளவை மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைத்தேன். மறுநாளும் நனைந்திருந்தது. பூஜ்யமாக்கினேன். இன்றும் நனைந்திருக்கிறது.

விசாவுக்கு இன்னொரு முறை விண்ணப்பியுங்கள் அம்மா. பள்ளிப் பேருந்து வந்துவிட்டது.

உங்கள் மகள்