அழுக்குத் தெரியாத கலர்

உன் வண்டியின் நாலு சக்கரமும் செவ்வாய்க்கிழமை காலை என் கடைக்கு வந்து சேர்ந்தன. வண்டி வரவில்லை. உன் வீட்டுக்காரர் சக்கரங்களை மட்டும் கழற்றி, ஒரு லோடு ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்து, வாசலில் ஒவ்வொன்றாக உருட்டி இறக்கினார். நீ கண்ணை மூடிய நாளிலிருந்து உன் வேன் ரோட்டோரத்தில் சும்மா நின்றிருக்கிறது. ஏழு மாதத்தில் உன் வெள்ளைச் சக்கரங்கள் என்ன கதிக்கு ஆளாகியிருக்கும் என்று எண்ணூர் காற்றைச் சுவாசித்த உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாம்பலும் டீசல் பிசுக்கும் கடல் உப்பும் கலந்து, கருவாட்டுக் கூடையின் அடியில் தேங்குமே ஒரு பசை, அதுபோல அப்பியிருந்தது. அதன்மேல் எந்தப் பாழாய்ப் போனவனோ பான் எச்சில் வேறு துப்பி வைத்திருந்தான். நாய் மூத்திர வாடை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"ஸ்கூலு தொறக்குது தங்கச்சி. நானே ஓட்டலாம்னு கீறேன்" என்றார்.

"இன்னா கலர்ணே அடிக்கறது?"

அவர் என் கடைப் பலகையை நோக்கிக் கையை நீட்டினார். "அதான், நீயே எழுதி வெச்சிகீறியே. மேட்டு கிரே."

'அழுக்குத் தெரியாத கலர் இங்கே அடித்துத் தரப்படும்.' பளபளப்பில்லாத சாம்பல் நிறத்துக்கு நான் வைத்த பேர். என் கையெழுத்துதான். சிவப்புப் பெயிண்டில், கொட்டை எழுத்தில், லாரிக்காரனுக்குத் தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று எழுதியது. அதைப் படித்ததும் அந்தப் பான் எச்சிலைப் பார்த்ததைவிட அதிகமாகக் குமட்டியது.

எனக்கு அருவருப்பு கொஞ்சம் ஜாஸ்தி என்று நீ ஊருக்கே சொல்லி வைத்திருந்தாய். உண்மைதான். பள்ளிக்கூடத்தில் என் தண்ணீர் பாட்டிலில் எறும்பு மிதந்தால் நான் மொத்தத்தையும் கொட்டப் போவேன். நீ பிடுங்கி, விரலை விட்டு எடுத்துப் போட்டுவிட்டு மடக் மடக்கென்று குடிப்பாய். அப்படிப்பட்ட நான் கார் சக்கரத்துக்கு வர்ணம் பூசும் கடையில் வாழ்க்கைப்பட்டேன். ஊரில் உள்ள சாக்கடை எல்லாம் மிதித்து வருகிற சாமான்தான் எனக்குச் சோறு போடுகிறது. நீ பள்ளி வேன் ஓட்டினாய். நெட்டுக்குப்பத்தில் தொடங்கி திருவொற்றியூர் வரை பதினேழு பிள்ளைகள். எந்தப் பிள்ளையாவது வாந்தி எடுத்தால் வெறுங்கையால் அள்ளிப் போடுவாய். நான் முகத்தைச் சுளித்தால், "கொயந்த வாந்திடி, இன்னா விஷமா?" என்பாய். சொல்லிவிட்டு அதே கையால் என் கன்னத்தைக் கிள்ள வருவாய், பாவி.

நீ அந்த வேனை வாங்கிக்கொண்டு முதன்முதலாக என் கடைக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? பழைய வீல் கப்புகளில் ஏழு கலர் அடித்து வாசலில் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டிருந்தேன். கறுப்பு, வெள்ளி, தங்கம், மேட்டு கிரே, இன்னும் என்னென்னவோ. வருகிறவர்கள் அவற்றைப் பார்த்துத்தான் கலர் சொல்வார்கள். மாசக்கணக்கில் ரோட்டுத் தூசியில் தொங்கியும் மேட்டு கிரே மட்டும் புதிதுபோலவே இருக்கும், அதனால் பத்தில் எட்டுப் பேர் அதைத்தான் கேட்பார்கள். கடைசியில் தொங்கிய வெள்ளையை எவனும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. பார்க்கவும் சகிக்காது.

நீ ஒவ்வொன்றிலும் ஒரு விரலை ஓட்டினாய். புதிதுபோல இருந்த கிரேயில் ஓட்டிய விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினாய். கரி அள்ளினாற்போலக் கறுப்பாக இருந்தது. பிறகு ஈரத்துணியை எடுத்து வெள்ளையை ஒரு இழுப்பு இழுத்தாய், பளிச்சென்று வந்துவிட்டது. கிரேயைத் துடைத்தாய், திட்டுத் திட்டாக இருந்தது. அழுத்தித் தேய்த்தாய், அப்போதும் போகவில்லை. மேட் என்றால் அப்படித்தான். சொரசொரப்பில் சாம்பல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

"பாத்தியா? இதுல கலீஜ் வெளிய கீது, தொடச்சா போவுது. அதுல உள்ளயே குந்திகினு கீதுடி. நீ அத்த போயி ஷோக்கா கீதுன்னு விக்கிறியே."

"எண்ணூர் ரோட்ல வெள்ளை ரிம்மா? ரெண்டு நாள் தாங்காதுடி."

"தாங்க வேணாம். தெர்யட்டும்."

வெள்ளை, நல்ல பளபளப்பு, மேலே ரெண்டு கோட்டு கிளியர் வார்னிஷ். அப்படித்தான் அடித்துக் கொடுத்தேன். டிரெய்லர் ஓட்டுகிறவர்கள் எல்லாம், "ஐஸ் வண்டி வந்துகினு கீது, வயிய வுடு" என்று கத்தினார்கள். நீ ஜன்னலில் தலையை நீட்டி, "குச்சி ஐஸ் இல்ல நைனா, தீந்துபோச்சு" என்று சொல்லிவிட்டுப் போவாய்.

காலையில் பிள்ளைகளை ஏற்றும் முன் நாலு சக்கரத்தையும் ஈரத்துணியால் துடைப்பாய். துடைத்த துணியை விரித்துப் பார்ப்பாய். அதுதான் எனக்குப் பிடிக்காது. துடைத்தோமா, போட்டோமா என்றில்லாமல் அந்தக் கண்றாவியை விரித்து வைத்து என்ன ஆராய்ச்சி? ஒருநாள் அந்தத் துணியை என் மேசைக்கே கொண்டுவந்து விரித்தாய்.

"மூணு ரிம்மு ஒரே மாரி கீதுடி. முன்னாடி லெஃப்ட்டு மட்டும் டபுள் கறுப்பு. சாம்பல் இல்ல இது. இன்னாவோ பேஜாரு கீது."

மெக்கானிக் கழற்றிப் பார்த்தார். அந்தப் பக்கத்து பிரேக் இறுகிப்போய், அதன் கட்டை உள்ளே இருக்கும் இரும்பு வரைக்கும் தேய்ந்திருந்தது. அந்தத் தூள்தான் சக்கரத்தில் கறுப்பாகப் படிந்திருந்தது. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தால் பிரேக் பிடித்திருக்காது என்றார். உள்ளே பதினேழு பிள்ளைகள்.

"கிரே அடிச்சிருந்தா தெரிஞ்சிருக்குமாடி?" என்று நீ கேட்டாய். அதற்கப்புறமும் அந்தப் பலகையை நான் இறக்கவில்லை.

போன வருஷம் ஆடிக் காற்றில் உனக்கு இருமல் தொடங்கியது. நம் பக்கத்தில் யாருக்குத்தான் இருமல் இல்லை? காற்று ஒரு பக்கம் திரும்பினால் அழுகின முட்டை நாற்றம், இன்னொரு பக்கம் திரும்பினால் நிலக்கரிப் புழுதி. நீயும் நாலு பேரைப்போல இருமினாய். ஆனால் நாலு பேரைப்போலத் துப்பிவிட்டுப் போகமாட்டாயே நீ. பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து இடுப்பில் செருகியிருப்பாய். அதில் துப்புவாய், விரிப்பாய், பார்ப்பாய். சக்கரம் துடைத்த துணியைப் பார்க்கிற அதே பார்வை. எதிரில் நான் டீ குடித்துக்கொண்டிருப்பேன்.

"இன்னிக்குப் பச்சையா கீதுடி."

"சொல்லாதடி. தூ."

"நேத்து சாம்பல் கலரு."

ஒருநாள் பட்டர் பன் வாயில் இருக்கும்போது அந்தத் துணியை விரித்தாய். எழுந்து ஓடி வெளியே துப்பினேன். திரும்பி வந்து உன்னைக் கன்னாபின்னாவென்று திட்டினேன். மனுஷியா நீ, வெட்கம் மானம் இல்லையா என்றெல்லாம் கேட்டேன். நீ துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாய்.

மறுநாள் வண்ணாரப்பேட்டைக்குப் போய் உனக்காக ஒரு டஜன் கைக்குட்டை வாங்கினேன். இதை உன்னிடம் சொன்னதே இல்லை: கடைக்காரரிடம் நான் கேட்ட வார்த்தை, "அழுக்குத் தெரியாத கலரா குடுங்க" என்பதுதான். அவர் நீலம் எடுத்துப் போட்டார், பழுப்பு எடுத்துப் போட்டார். நீலத்தில் சளி தெரியும், பழுப்பில் ஈரம் தெரியும். எனக்கா தெரியாது, என் தொழிலே அதுதானே? அடர்ந்த மெரூன் ஒன்று கீழே இருந்தது. அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, இதில் எதுவுமே தெரியாது என்று நானே தீர்மானித்தேன்.

நீ அதைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தாய். "எனக்கும் மேட்டு கிரேவாடி?"

"என் எதிர்ல இனிமே தொறந்து பாக்காத. அவ்ளோதான்."

நீ கேட்டுக்கொண்டாய். யார் பேச்சையும் கேட்காதவள், இதை மட்டும் கேட்டுத் தொலைத்தாய். இருமுவாய், துடைப்பாய், இடுப்பில் செருகுவாய். நான் நிம்மதியாக டீ குடித்தேன். அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது என்மேல் எனக்கே காறித் துப்பத் தோன்றுகிறது.

கார்த்திகை மழையில் வேன் படியிலிருந்து இறங்கும்போது சுருண்டு விழுந்தாய். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "சளியில ரத்தம் எப்பலேர்ந்து வருது?"

"ரத்தமா? பாக்கவே இல்லியே சார்" என்றார் உன் வீட்டுக்காரர்.

"ரொம்ப நாளா வந்திருக்கணுமே."

நான் உன் வீட்டுக்காரர் முதுகுக்குப் பின்னால் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டிலிலிருந்து நீ என்னைப் பார்த்தாய். மூக்கிலும் வாயிலும் மாஸ்க்கு, கண் மட்டும் வெளியே. வாயில் உப்புக் கரித்திருக்குமே, உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தும், கண்ணால் பார்க்காதவரை இல்லை என்று இருந்துவிட்டாயா? உனக்கும்கூடக் கடைசியில் அழுக்குத் தெரியாத கலர் வேண்டியிருந்ததா? கேட்டிருக்கலாம். பதினோரு நாள் இருந்தாய். நான் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். "கிரே வேணாம்ணே, அவ வெள்ளைன்னு ஒத்தக் கால்ல நின்னா" என்றேன்.

"அவ நின்னா, தொடச்சா. எனக்குக் கை வரல தங்கச்சி" என்றார். "நேத்து சக்கரத்து மேல துணியைப் போட்டுத் தண்ணி ஊத்தினேன். கறுப்பா ஓடுது. அத்த பாத்தா எனக்கு வேற தண்ணி ஞாபகம் வருது."

"எந்தத் தண்ணி?"

அவர் சக்கரத்தின் மேல் உட்கார்ந்தார். "அவளுக்கு முடியாம போனதுலேர்ந்து துணி நான்தான் தொவைப்பேன். செவப்பா ஒரு டஜன் கைக்குட்டை வெச்சிருந்தாளே. பக்கெட்ல போட்டா தண்ணி செவப்பா ஆவும். புதுத் துணி, சாயம் போவுதுன்னு நென்ச்சிகினேன். எவன்டி இந்தச் சாயத்துணிய உன் தலைல கட்னான்னு கூட கேட்டேன். சிரிச்சா. மூணு மாசம் தங்கச்சி. மூணு மாசம் தண்ணிய மாத்தி மாத்தி அலசினேன். எந்தத் துணிக்கு மூணு மாசம் சாயம் போவும்? எனக்குத் தோணல பாரு."

அவர் தன்னையே தின்றுகொண்டிருக்கிறார், ஏழு மாதமாக. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் சாகிறவரை தின்றுகொண்டிருப்பார். நீ சொல்லவில்லை போலிருக்கிறது, யார் வாங்கிக் கொடுத்தது என்று. என்னைக் காட்டிக்கொடுக்காமலே போயிருக்கிறாய்.

"அண்ணே, அந்தத் துணி நான் வாங்கிக் குடுத்தது" என்றேன். "அவ துப்பறதப் பாக்க எனக்கு அருவருப்பா இருந்துச்சு. அதனால எதுவும் தெரியாத கலரா பாத்து வாங்கினேன்."

அவர் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் குனிந்து, உட்கார்ந்திருந்த சக்கரத்தின் விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். பசைக்கு அடியில் ஒரு கோடு வெள்ளை தெரிந்தது. விரலை லுங்கியில் துடைக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளையே அடிச்சிடும்மா" என்று சொல்லிவிட்டு எழுந்தார். டீ சொன்னேன். வேண்டாம் என்று போய்விட்டார்.

மூன்று நாளாக உன் சக்கரங்களோடுதான் இருக்கிறேன். பான் எச்சிலை நான்தான் கழுவினேன். உரிக்கிற மருந்து ஊற்றியதும் பழைய பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி, தோல் உரிவதுபோலச் சுருண்டு வந்தது. உள்பக்க இடுக்கில் செத்த கரப்பானும் தலைமயிரும் கெட்டியான கிரீஸும் இருந்தன. விரலை விட்டுத்தான் எடுத்தேன். அருவருப்பு போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. ரெண்டு தரம் ஓங்கரித்தேன். கிரே கேட்டு வருகிறவர்களுக்கு இன்றைக்கும் கிரேதான் அடித்துக் கொடுத்தேன், பொய் சொல்வானேன். பலகையை மட்டும் இறக்கிப் பின்பக்கம் சாத்தி வைத்திருக்கிறேன்.

இன்று காலை இரண்டாவது கோட்டு கிளியர் அடித்து முடித்தேன். நாலும் பளபளவென்று வரிசையாகக் காய்கின்றன. அண்ணன் நாளைக்கு வந்து எடுத்துக்கொண்டு போவார். முன்பக்க லெஃப்ட் சக்கரத்தைத் துடைத்த துணியைத் தினமும் விரித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். சரி என்றிருக்கிறார்.

உப்புத்தாள் தேய்த்த புழுதி மூன்று நாளாக என் தொண்டையில் நிற்கிறது. இதை எழுத உட்காரும் முன் இருமல் வந்தது. கைக்குக் கிடைத்த வெள்ளைத் துணியில் துப்பி, வழக்கம்போல் கசக்கி எறியப் போனேன். எறியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன், பிறகு திரும்பினேன், விரித்துப் பார்த்தேன். சாம்பல் கலருடி. வேறு ஒன்றும் இல்லை. குமட்டிக்கொண்டுதான் வந்தது. துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். நாளைக்கும் பார்க்க வேண்டும்.