அம்மா பக்கத்துக் கதவு

அன்புள்ள சின்னுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மா நலம், நானும் நலம், என் வலது தோள்பட்டை மட்டும் நலமில்லை, அது ஏன் என்று கீழே வருகிறது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். உன் இருமல் நின்றதா என்று முதலில் கேட்கச் சொன்னாள் அம்மா, கேட்டுவிட்டேன்.

நம் பழைய நீலக் காரால் வீட்டில் ஒரு தகராறு. போன மாதம் குடியிருப்புச் சங்கத்தில் யாரோ அதன் முன்கண்ணாடியில் ‘கேட்பாரற்ற வாகனம், அப்புறப்படுத்தப்படும்’ என்று காகிதம் ஒட்டிவிட்டார்கள். முந்தின நாள்தான் அதில் போய்க் காய்கறி வாங்கி வந்தேன். நான் பார்த்திருந்தால் கமுக்கமாகக் கிழித்திருப்பேன், அம்மா கண்ணில் பட்டுவிட்டது. அன்றிலிருந்து அவள் வண்டியில் ஏறுவதில்லை, அந்த மூட்டுவலியோடு பஸ்ஸில்தான் ஆபீஸ் போகிறாள். வண்டியைப் பார்க்கிறவன் நம்மையும் கேட்பாரற்றதுன்னு நினைச்சுக்குவான், வித்துத் தொலைங்க என்கிறாள். பக்கத்து சீட்டைக் காலியாக வைத்துக்கொண்டு ஓட்டுவது என்னவோ போல இருக்கிறது சின்னு, தப்பான தெருவில் திரும்பினால் திட்டக்கூட ஆளில்லை.

சரி, பெயிண்ட் போன இடத்தை மட்டும் தொட்டுப் பூசி அவளை எப்படியாவது ஏற்றிவிடலாம் என்று இறங்கினேன். கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு சின்னத் தகடு, அதில் கம்பெனி பெயிண்டின் எண் இருக்குமாம், இத்தனை வருடம் ஓட்டியும் எனக்குத் தெரியாது. எண்ணைச் சொன்னதும் கடைக்காரர் நகப்பூச்சு மாதிரி ஒரு குப்பி கொடுத்தார், மூடியிலேயே பிரஷ். உன் அப்பா பள்ளிக்கூடத்தில் ஓவியத்தில் மட்டும் தேறியவன் அல்லவா, அந்தத் தைரியத்தில் கல் தெறித்த இடம், கீறல் எல்லாம் பொட்டு பொட்டாக வைத்தேன். காய்ந்ததும் பார்த்தால் வண்டி வெளிர்நீலம், பொட்டெல்லாம் கருநீலம். அம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, வண்டிக்கு அம்மை போட்டிருக்கு, தள்ளி நில்லுங்க என்றாள்.

குப்பியை மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டே வெள்ளை கலந்து பார்த்தேன், சாம்பல் நிறம் கலந்து பார்த்தேன், ஒவ்வொன்றும் ஒரு புது வியாதி. கடைசியில் பொட்டையெல்லாம் அழித்துவிடுவோம் என்று பாலிஷ் பசையைத் துணியில் எடுத்து அம்மா பக்கத்துக் கதவில் தேய்த்தேன். துணியெல்லாம் நீலம். ஐயோ, இருந்த பெயிண்டையும் உரித்துவிட்டோமே என்று பயந்துபோய்த் துடைத்தால் பொட்டைக் காணோம். அழியவில்லை சின்னு, அங்கேயேதான் இருக்கிறது, சுற்றியிருந்த கதவு கருநீலமாகி அதோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பொட்டு முதலிலிருந்தே சரி, நிறம் மாறியது வண்டிதான். வெயிலில் மேல்தோல் மட்டும் சுண்ணாம்பு பூத்தாற்போல வெளுத்திருக்கிறது, அடியில் நாம் வாங்கிய அன்றைய நீலம் அப்படியே இருக்கிறது. மேலே வெளுத்தது அடியில் ஏன் வெளுக்கவில்லை, நீ படித்தவள், விசாரித்து எழுது. இப்போது எதைப் பார்த்தாலும் தேய்த்துப் பார்க்கக் கை துறுதுறுக்கிறது. பிரிட்ஜில் ஒரு ஓரத்தைத் தேய்த்தேன், அவ்வளவுதான், அம்மா பசை டப்பாவைப் பிடுங்கி எங்கேயோ ஒளித்துவிட்டு, முதல்ல உங்க தலையைத் தேய்ச்சுப் பாருங்க, அடியில கறுப்பு இருந்தாலும் இருக்கும் என்றாள்.

அந்த ஒரு கதவோடு என் தோளும் மடங்கிவிட்டது. மற்ற இடமெல்லாம் இன்னும் அம்மைதான். நேற்றுக் காலை பஸ்ஸுக்குக் கிளம்பிய அம்மா வண்டியருகே நின்றாள். கதவில் முகம் தெரிந்திருக்கிறது, காதோரத்து முடியை ஒதுக்கிக்கொண்டாள். பிறகு கதவைத் திறந்து ஏறி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வழியில் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டேன், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆபீஸ் வந்ததும், “என் பக்கம் வாசலுக்குத் தெரியற மாதிரி நிறுத்துங்க” என்றாள். இறங்கி நாலடி போனவள் திரும்பி வந்து குனிந்து, “அந்தப் பசை பருப்பு டின்னுக்குப் பின்னால இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நிறைவாக வாழ எங்கள் ஆசிகள். இருமலுக்கு மருந்தைப் பாதியில் நிறுத்தாதே, வெந்நீர் குடி. பெயிண்ட் விஷயத்தை விசாரிக்க மறந்துவிடாதே.

இப்படிக்கு,
தோளில் தைலத்தோடு,
உன் அப்பா