உறுமிக்கு ஏன் அந்தப் பெயர்

ஜனவரி 19, திங்கள்
வெயில். காற்றே இல்லை. மங்காவைக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, துணி துவைத்து முடிக்க மதியமாகிவிட்டது. இடுப்பு கழன்று விழுகிறது. ஸ்ட்ரோக் வந்ததிலிருந்து என் வீட்டுக்காரிக்கு ஒரு சொல்லும் வரவில்லை. கண் மட்டும் திட்டும்.
இத்தனையும் நானே எழுதினேன்! யாரையும் கேட்காமல்!

20, செவ்.
கோவில் மண்டபத்தில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு. அதுவரை மங்காவுக்குத் துணை பக்கத்து வீட்டுச் சீன அம்மா. வீட்டில் உள்ள ஒரு பொருளுக்குப் பெயர் எப்படி வந்தது என்று டீச்சர் கேட்டார். நான் சொன்னது உறுமி. தைப்பூசத்தில் நான் தேய்த்த மேளம். இப்போது ஆணியில்.
"இடிக்குப் பழந்தமிழ்ல உருமுன்னு பேரு. அதுலேருந்து வந்திருக்கலாம்," என்றார் டீச்சர்.
"இடி எங்க டீச்சர் அவ்ளோ நேரம் இழுக்கும்? புலி உறுமுற சத்தம்லா," என்றார் லோரி ஓட்டும் மணியம்.
"புலிய எங்கண்ணே பாத்தீங்க? பீர் போத்தல் படத்துலயா?" பின் வரிசை அக்கா.
வயிறு வலிக்கச் சிரித்தேன். எத்தனை நாளாயிற்று.

22, வியா.
வாங்க: டயப்பர், அரிசி, கோடாலித் தைலம்.
பட்டர்வொர்த்திலிருந்து மகள் செல்வி போன். அங்கே ஒரு முதியோர் இல்லம் பார்த்துவிட்டாளாம். ஞாயிறு வந்து அம்மாவைக் கூட்டிப் போவாளாம்.
"அம்மா என்ன வேணும்னு ஒரு வார்த்த சொன்னாக்கூட பரவாயில்லப்பா. நீங்களும் விழுந்துட்டா?"
போனை வைத்தேன். இன்றைக்கு எழுதியது போதும்.

24, சனி
மழை. அலுப்பு. உறுமியை இறக்கித் துடைத்தேன். இடியா, புலியா? வளைந்த குச்சியால் தோலில் ஓர் இழுப்பு.
கட்டிலிலிருந்து, "உர்ர்ர்."
மங்கா! கல்யாணமான புதிதிலிருந்து, நான் மேளத்தைத் தொட்டால் அவள் காட்டும் பழிப்பு. மறுபடி தேய்த்தேன். மறுபடி "உர்ர்ர்." இடது கை ஆணியைக் காட்டியது. மாட்டி வை என்கிறாள்.
அழுதேனா, தெரியவில்லை. முகம் ஈரம்.

25, ஞாயிறு
செல்வி பெரிய பையோடு வந்தாள். நேற்று மங்கா உறுமியதைச் சொன்னேன்.
"அது சும்மா சத்தம்லா, அப்பா."
"மேளத்துக்குப் பேர் வச்சவனும் அந்தச் சத்தத்தத்தான்மா வச்சான்."
குச்சியை அவளிடம் கொடுத்தேன். தேய்த்தாள். கரகரவென்று கண்றாவி.
"உர்ர்ர்!" மங்கா முகத்தைச் சுளித்தாள்.
"என்னப்பா சொல்றாங்க?"
"உனக்கு வாசிக்கத் தெரியலையாம்."
செல்வி சிரித்தாள். பிறகு அம்மா காலடியில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். பையைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, "தைப்பூசம் முடியட்டும்பா," என்றாள்.
இப்போது போய்விட்டாள். உறுமி என் மடியில். மங்கா ஆணியைக் காட்டிக்கொண்டே இருக்கிறாள். மாட்டமாட்டேன்.