கப்பல் புகையை விட்டு வா, வீட்டுக்கு வராதே

தம்பின் பக்கம்,
1952 ஆவணி

அன்பு மகன் தங்கராஜுவுக்கு அப்பா முருகையா எழுதுவது. மாரியாத்தா புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் தங்கச்சியும் இருக்கிறோம். நீ சுகமா என்று வழக்கம்போல் கேட்கத்தான் கை வரவில்லை, நீ சுகமாக இல்லை என்று தெரிந்துவிட்டது.

உன்னோடு சிங்கப்பூர் துறைமுகத்தில் வேலை செய்கிற மாயாண்டி தாயாரைப் பார்க்க வந்திருக்கிறான். உன்னைப்பற்றிக் கேட்டதற்கு முதலில் மழுப்பினான், அப்புறம் சொல்லிவிட்டான். கப்பலுக்குச் சாயம் அடிக்கிறேன் என்று எங்களுக்கு எழுதினாயே, கப்பல் புகைக்கூண்டுக்குள் இறங்கிக் கரி சுரண்டுகிறாயாமே. துப்பினால் கறுப்பாக வருகிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது, சுவரில் சாய்ந்தபடியே தூங்குகிறான் என்றான். இறங்குகிறவர்களுக்கு மட்டும் இல்லையாம், நிற்கிற கப்பலெல்லாம் கெட்டியான கறுப்பு எண்ணெயை எரிக்கிறதாம், கொடியில் காய்கிற துணி, மூடி வைத்த சோறு எல்லாவற்றிலும் கரி விழுகிறதாம், அங்கே குடியிருக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் மூச்சிழுப்பாம். கடலோரம் நல்ல காற்று, புகை கடலோடு போய்விடும் என்று நினைத்திருந்தேன். அத்தனை கப்பலின் புகையும் எங்கே போகும், மனுஷன் நெஞ்சில்தான் இறங்குகிறது. புகையை விட்டுப் போகாவிட்டால் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் சொன்னதையும் எங்களிடம் மறைத்துவிட்டாய்.

உன் அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இப்போதே வரச்சொல்லுங்கள் என்று அழுதாள். மறுநாள் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதுகிற குலசேகரம் கிராணியாரிடம் போனேன். அவர் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினார். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருக்கிற கம்யூனிஸ்டுக்காரர்களுக்கு அரிசி கொடுத்தாய் என்ற சந்தேகத்தில் உன்னைப் பிடித்துப்போய் அப்புறம் விட்டார்களே, அந்தப் பெயர் இன்னும் அழியவில்லையாம். அதே மாதிரி பெயர் விழுந்த நம் லயத்துச் சன்னாசியின் மகன் கோலாலம்பூரிலிருந்து வந்தான், விடிந்ததும் போலீஸ் லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், இன்றைக்கு வரை தகவல் இல்லை. என் பிள்ளையாக இருந்தால் நான் கூப்பிடமாட்டேன் முருகையா என்றார். வெள்ளைக்காரத் துரையிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று கேட்டேன். அவர் எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

நீ இருந்தபோது பார்த்த தோட்டம் இல்லை இது. எல்லா லயத்து வீடுகளையும் ஒரே முள்கம்பிக்குள் கொண்டுவந்து விட்டார்கள். காலையில் கேட்டில் பொம்பளைகள் மடியைக்கூடத் தடவிப் பார்க்கிறார்கள், பால்மரம் வெட்டப் போகும்போது ஒரு பிடி சோறு கொண்டுபோக முடியாது, அது காட்டுக்குப் போய்விடுமாம், பசியோடுதான் வேலை. ரப்பரைப் புகைபோட்டுக் காயவைக்கிற கொட்டகையும் இப்போது வேலிக்குள்ளே லயத்தை ஒட்டி நிற்கிறது, உன் தங்கச்சியும் இருமுகிறாள். நாங்கள் வெளியே வரவும் முடியவில்லை, உன்னை உள்ளே கூப்பிடவும் முடியவில்லை. உனக்கு அங்கே புகை, எங்களுக்கு இங்கே கம்பி.

அதனால் போன ஞாயிற்றுக்கிழமை வெளியே போக பாஸ் வாங்கித் தம்பின் பாசாரில் சாமான் வாங்கப் போகிற சாக்கில் உன் மாமா இராஜமாணிக்கத்தின் சைக்கிள் கடைக்குப் போனேன். அவர் ரொம்ப யோசித்தார், போலீஸ் வந்தால் என் கடை என்னாவது என்றார். மாமிதான் பிள்ளைக்கு மூச்சு முட்டுகிறது, நீங்கள் கடையைப் பேசுகிறீர்களே என்று சத்தம் போட்டாள். பின்னறையில் இருந்துகொள்ளட்டும் என்று சம்மதித்தார். வருகிற வெள்ளிக்கிழமை பகல் ரயில் வண்டியில் வா, தம்பினுக்குப் பக்கத்து ஸ்டேஷன் புலாவ் செபாங்கில் இறங்கு, மாமா வந்து நிற்பார். தோட்டத்துப் பக்கம் மட்டும் வராதே. நாங்களும் இப்போதைக்கு அங்கே வரமாட்டோம், அடிக்கடி தம்பினுக்குப் போனால் கேட்டில் ஏன் என்று கேட்பார்கள்.

இதைச் சொன்னதும் உன் அம்மா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். பக்கத்து ஊரில் பிள்ளையை வைத்துக்கொண்டு பார்க்காமல் இருப்பதா என்று கோபம். இன்றைக்குத்தான் அவளே வந்து பேசினாள். ஸ்டேஷன் வருவதற்கு முன்னால் வண்டி நம் வேலியை ஒட்டித்தானே போகிறது, அவனை இடது பக்க ஜன்னலில் உட்காரச் சொல்லுங்கள் என்றாள். குழாயடியில் குடத்தோடு நிற்பாளாம். நீ கையை ஆட்டாதே மகனே, கூப்பிடாதே, காவல்காரர்கள் பார்ப்பார்கள். அவளும் கூப்பிடமாட்டாள். நீ நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சு விடுவதைப் பார்த்தால் போதும் என்கிறாள்.

ஆத்தா உன் நெஞ்சுக்குக் காவல் இருக்கட்டும், நீ நெடுநாள் வாழவேண்டும். இனி ஒரு நாள்கூட அந்தக் கூண்டுக்குள் இறங்காதே. தபாலை நம்பாமல் மாயாண்டி கையில் கொடுத்தனுப்புகிறேன், படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. வண்டியில் தூங்கிவிடாதே, அவள் நிற்பாள்.

உன் அப்பா,
மு. முருகையா