இரண்டு தாத்தா உள்ள மாப்பிள்ளை

பிப்ரவரி 3, 1936. திங்கள்.

பனி. தொண்டைக் கட்டு. மிளகாய் வற்றல் வாங்கும் சாக்கில் மதுரை சிம்மக்கல். உண்மையில் துப்பறிய. எங்கள் லில்லிக்குப் பேசும் மாப்பிள்ளையின் சித்தப்பா பேரையூர்க்காரர்; இன்று மூட்டையோடு மண்டிக்கு வருவதாகத் தகவல். (தகவல்: என் மனைவி. அவளுக்குத் தெரியாமல் பசுமலையில் கோழிகூட முட்டையிடாது.)

மாப்பிள்ளையின் அப்பா, கம்பவுண்டர் அருளப்பன், தன் தகப்பனார் ஊர் ஊராக வேதம் சொன்ன சாலமோன் உபதேசியார் என்றாரே. அவருடைய கூடப்பிறந்த தம்பியிடம் நைசாகக் கேட்டேன்.

"எங்கப்பாவா? மொக்கையன்னு பேருண்ணே. அய்யனாருக்குக் கிடா வெட்டுறதுல அவரை மிஞ்ச ஆளில்ல."

அண்ணனுக்கு ஒரு அப்பா, தம்பிக்கு வேறு அப்பா. எங்கேயோ இடிக்கிறது. வற்றல் வாங்க மறந்தேன். வீட்டில் பூசை.

இந்தக் கவலையெல்லாம் என் தம்பி தாசன் பட வேண்டியது. காலராவில் அவனும் அவன் மனைவியும் போய், பால்குடி மறக்காத லில்லியை எங்கள் மடியில் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொண்டான்.

பிப். 5. புதன்.

மாலை வேதபாட வகுப்பு. யாரும் தொடாத இயேசுவின் வம்ச அட்டவணை என் தலையில். மத்தேயுவையும் லூக்காவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மத்தேயு ஆபிரகாமில் தொடங்குகிறார். யூதர்களுக்கு அது போதும். லூக்கா ஆதாம் வரை ஏறிவிடுகிறார். போகட்டும். ஆனால் யோசேப்பின் தகப்பன், மத்தேயு கணக்கில் யாக்கோபு. லூக்கா கணக்கில் ஏலி! மாப்பிள்ளை வீட்டுக் கதை அன்றைக்கே இருந்திருக்கிறது.

ஒரு சமாதானம் உண்டு. யூதரின் பழைய சட்டம்: பிள்ளையில்லாமல் செத்தவனின் மனைவியைச் சகோதரன் கட்ட வேண்டும், பிறக்கும் பிள்ளை செத்தவன் பேர் சொல்லும். ஆக, பெற்றவன் ஒருவன், பேருக்கு ஒருவன். கம்பீரமாக விளக்கினேன். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். என் மனைவியேதான்.

"ரெண்டும் கடைசியில யோசேப்புகிட்டதான வந்து நிக்குது? அவரே இயேசுவுக்கு வளத்த தகப்பன்தான?"

வகுப்பே சிரித்தது. அவசரமாக ஜெபம் செய்து கலைத்துவிட்டேன்.

பிப். 7. வெள்ளி.

அருளப்பன் வந்தார். போலீஸ்காரன் மாதிரி விசாரித்தேன். அசரவில்லை.

"பெத்தவரு மொக்கையன். பஞ்சத்துல, இவனாச்சும் பொழைக்கட்டும்னு என்னைய உபதேசியார் வீட்டுல விட்டாரு. சோறு போட்டு வளத்தவரை அப்பான்னேன். மறைக்கலங்க, யாரும் கேக்கல."

விடுவேனா? "பொண்ணு குடுக்கிறவன், அப்பன் யாருன்னு சுத்தமாத் தெரிஞ்சுக்க வேணாமா?"

காபியோடு வந்த லில்லி நின்றாள்.

"அப்ப எனக்கு எத்தனை அப்பாப்பா?"

காபியில் சர்க்கரை இல்லை. கேட்கத் தைரியமும் இல்லை.

பிப். 8. சனி.

சம்மதம் சொல்லியாயிற்று. நாளை கோயிலில் வாசிக்கும் கல்யாண அறிக்கைக்குப் பெண்ணின் தகப்பன் பேர் கேட்டார் போதகர். என் பேர் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். செத்த சகோதரன் பேர் அழியக்கூடாது. புதன்கிழமை நானே முழங்கியது. "தாசன்னு எழுதுங்கய்யா" என்றேன்.

வீட்டில் சொன்னேன். மனைவி அடுப்படிக்குப் போனாள். பாத்திரங்கள் பேசின. சாயங்காலம் லில்லி முகம் மறையக் குடை பிடித்து எங்கோ போனாள். வானத்தில் பொட்டு மேகமில்லை. சந்தேகம்.

பிப். 9. ஞாயிறு.

கடைசி பெஞ்சு. போதகர் வாசித்தார்: "ஞானாபரணம் அவர்கள் குமாரத்தி லில்லி..."

ஞானாபரணம் நான்தான். கண்ணாடி மாற்றச் சொல்ல வேண்டும் இவரை என்று நினைத்தேன். வாசலில் லில்லியை மடக்கினேன்.

"நேத்து எங்க போன?"

"போதகர் வீட்டுக்கு."

"தாசன் பேரு?"

"அது என் மூத்த பிள்ளைக்கு, எடுத்து வச்சிருக்கேன்ப்பா."

கண்ணில் மூக்குப்பொடி பட்டுவிட்டது என்றேன். மனைவி ஏற இறங்கப் பார்த்தாள். பொடி போடுவதை நிறுத்தி இரண்டு வருஷமாகிறது.